தெளிவான படம்

முதலில் வாய் மூடிக்கொண்டதைத்தான் ஜோசபின் கவனித்தாள். மகன் ஜூடு பொத்தானை ஒரு தட்டுத் தட்டியதும் கம்ப்யூட்டர் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று மேலிருந்து கீழாக இறங்கியது. கோடு கடந்து போன இடத்தில் அவள் கணவருடைய முகம் வேறாகியிருந்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து இடப்பக்கம் இறங்கிக் கிடந்த உதடு மேலேறி நேராகப் பொருந்தியது. பாதி மூடியே இருக்கும் இடது இமை விரிந்தது. ஒட்டிப்போன கன்னத்தில் சதை வைத்தது. முள்முள்ளாக இருந்த நரைத் தாடி போன இடம் தெரியவில்லை. கை ஆடி மங்கலாக எடுக்கப்பட்ட அந்தப் படத்துக்குள்ளிருந்து, கணக்கு வாத்தியார் ஞானமுத்து வகுப்புக்குள் நுழையும்போது பார்ப்பதைப் போல நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

பழங்காநத்தத்தில் ஜூடுவும் அவன் கூட்டாளி வெள்ளைத்துரையும் சேர்ந்து நடத்தும் பிளக்ஸ் கடையின் பின்னறை அது. முன்பக்கம் மெஷின் எதையோ அச்சடித்துக்கொண்டிருந்தது. மை வாடை அறை முழுக்க நின்றது. ஜோசபின் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். முந்தைய நாள் மத்தியானம் அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தண்ணீர் கேன் போடுபவன் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டான். அவள் கீழே இறங்கி வந்தபோது ஹாலில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், தன் வீட்டுத் தெருவின் பெயர் தெரியாத நிலையில், நீலக் கைலியும் பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையுமாக வெளியே போய்விட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதி வாங்கிக்கொண்ட ஏட்டு, அவள் செல்போனிலிருந்த படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, ஆவி மாதிரி இருக்கு. தெளிவா ஒண்ணு குடுங்க. அப்பத்தான் நாலு எடத்துக்கு அனுப்ப முடியும்” என்று சொல்லியிருந்தார். தெளிவான படம் வீட்டில் இல்லை. ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு எடுத்த படம் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவரைப் படம் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லைதான். கிறிஸ்துமஸுக்குக் குடும்பமாக நிற்கும்போது அவரைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு வந்து நின்றார்கள். அவ்வளவுதான். இந்த மங்கல் படம்கூட, ஒருநாள் அவர் தானாகவே கரண்டியைப் பிடித்து இட்லி சாப்பிட்டதைத் திருச்சியில் வேலை பார்க்கும் மகள் ஆன்மேரிக்குக் காட்ட வேண்டும் என்று ஜோசபின் எடுத்தது. எடுக்கும்போது அவர் திரும்பிவிட்டார். எடுத்த பிறகு பார்த்தால் வாயோரத்தில் சட்னி வழிந்திருந்தது. அவள் அதை அனுப்பவில்லை.

“ரிடையர்மென்ட் போட்டோ வேணாம்மா. அது ஒடம்புக்கு வர்றதுக்கு முந்தி எடுத்தது. இப்ப எப்படி இருக்காரோ அப்படி இருந்தாத்தான் ஜனங்களுக்கு அடையாளம் தெரியும்” என்று சொல்லி அந்த மங்கல் படத்தைத் தேர்ந்தெடுத்தது ஜூடுதான். இப்போது திரையைப் பார்த்துக்கொண்டு அவனே தாடையைச் சொறிந்தான்.

“ரொம்ப மாத்திருச்சோ?”

“மாப்ள, படத்தத் தெளிவாக்குற இந்த சாஃப்ட்வேருக்கு இந்த வாரம் அப்டேட் வந்ததுலேருந்து இதான் கூத்து” என்றான் வெள்ளைத்துரை. அவன் வாசலில் சாய்ந்து நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். “முன்ன எம்புட்டு மாத்தணும்னு ஒரு கோடு இருக்கும்லம்மா, அதப் புடிச்சு இழுத்துக் கொறச்சுக்கிருவோம். அந்தக் கோட்டையே தூக்கிட்டாய்ங்க. இப்ப அதுவாப் பாத்து முடிவு பண்ணுது. நேத்து ஒரு காதுகுத்து பிளக்ஸுக்கு நாப்பது தாய்மாமன் போட்டோவப் போட்டேன். நாப்பது பேரும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி வந்து நிக்கிறாய்ங்க. ஒரு மாமன் வந்து, ‘இதுல நான் எங்கடா இருக்கேன்’னு தேடிக்கிட்டே நிக்கிறாரு. பேரு போட்டுருக்குண்ணே, பேரப் படிச்சுப் பாத்துக்கங்கன்னேன்.”

ஜூடு சிரிக்கவில்லை. மதுரைப் பக்கத்து பிளக்ஸ் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் முழுக்க இதே புலம்பல்தான். ஒருவர் மச்சம் போய்விட்டது என்றார். ஒருவர் பாட்டியின் மூக்குத்தி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வந்துவிட்டது என்றார். ஆனால் வேலை சீக்கிரம் முடிகிறது, பார்ட்டிகளுக்குப் பிடித்திருக்கிறது என்றும் எல்லாருமே எழுதியிருந்தார்கள்.

“பழைய படத்தையே பெருசாக்கிப் போட்டுரவா? மங்கலா இருந்தாலும் பரவால்ல” என்று ஜூடு கேட்டான். அம்மாவிடம் கேட்கிறானா, தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறானா என்று தெரியவில்லை.

ஜோசபின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை அவள் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்த இரண்டு வருடமும் அவள் குளிப்பாட்டி, ஊட்டி, மூத்திரத் துணி மாற்றிய மனிதர் வேறு யாரோ என்று நினைத்துக்கொள்ளாமல் அவளால் ஒரு நாளைக்கூடக் கழிக்க முடிந்ததில்லை. அவருக்கும் அவள் யாரோதான். வீட்டு வேலைக்கு வந்தவளிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசுவார். “உங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரும்மா?” என்று சாயங்காலம் தவறாமல் கேட்பார். முதலில் அழுதாள். பிறகு, “வந்துருவாரு” என்று சொல்லப் பழகினாள். போன வாரம் ஒருநாள் அலுத்துப்போய், “அவரு இனி வரமாட்டாருங்க” என்று சொன்னாள். அதற்கு அவர் உண்மையாகவே வருத்தப்பட்டுத் தலையை ஆட்டினார்.

இப்போது அந்த வீட்டுக்காரர் திரையில் வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசுவார் போலிருந்தது.

“இதையே போடு” என்றாள் ஜோசபின். “இவருதான்டா. இதையே போடு.”

அதே நேரத்தில் ஆன்மேரி போனில் வந்தாள். அடுத்த மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். திண்டுக்கல்லில் மாப்பிள்ளை வீடு. அப்பாவுக்குக் கொஞ்சம் பிரஷர், வெளியே வருவதில்லை என்று மட்டும்தான் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். “அம்மா, வாய் அப்படி இருக்கிற போட்டோவப் போட்டுறாதீங்க, ப்ளீஸ். ஃபார்வர்ட் ஆகி அவங்க வீட்டுக்கும் போகும்” என்று அழுதுகொண்டே சொன்னாள். ஜூடு புதிய படத்தை அனுப்பினான். “அப்பா எவ்வளவு நல்லா இருக்காரு” என்றாள். பிறகு, வெள்ளைத்துரை கீழே அடித்து வைத்திருந்த ‘ஞாபக மறதி உள்ளவர்’ என்ற வரியையும் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்தார்கள். ‘காணவில்லை’ என்ற சொல், அந்த முகம், பெயர், வயது, ஜூடுவின் எண். தெளிவாக இருந்தது. ஸ்டேஷனுக்கும் அதே படம்தான் போனது. ஏட்டு, “ம், இப்பச் சரி” என்றார்.

வெள்ளைத்துரை பைக்கில் பசை வாளியைக் கட்டிக்கொண்டு போய் ஒட்டினான். பெரியார் பஸ் ஸ்டாண்ட், மாட்டுத்தாவணி, திருமங்கலம், திருப்பரங்குன்றம், அழகர்கோவில். வழி தப்பியவர்கள் சோறு கிடைக்கிற இடத்துக்குத்தான் போய்ச் சேருவார்கள் என்று அன்னதானம் நடக்கிற இடமாகப் பார்த்து ஒட்டினான். ஒட்டிய ஒவ்வோரிடத்திலும் நின்று படம் எடுத்து ஜோசபினுக்கு அனுப்பினான். நல்ல பையன். அவள் அவற்றைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுவரிலிருந்து கணவர் பார்த்தார். கீழே அந்தந்த இடத்து ஜனங்கள் நடந்தும் உட்கார்ந்தும் படுத்தும் கிடந்தார்கள்.

போன்கள் வந்தன. எல்லாம் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் ஆண்களைப் பற்றியவை. கப்பலூரில் ஒரு கம்பெனி வாசலில் பார்த்ததாக வாட்ச்மேன் ஒருவர் சத்தியம் செய்தார். போனால் அந்தக் கம்பெனியின் மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, தன்னை ஏன் உற்றுப் பார்க்கிறார்கள் என்று கோபப்பட்டார். உண்மையில் போஸ்டரில் இருந்த முகத்துக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொருவர் போன் செய்து எல்லா விவரத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இம்புட்டுக் களையான மனுசன் சும்மா காணாமப் போக மாட்டாரும்மா. வேற எங்கிட்டாச்சும் ஒரு வீடு வெச்சிருக்காரான்னு வெசாரிங்க” என்றார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. ஜூடு ஜோசபினிடமிருந்து போனைப் பிடுங்கி, பேசியவனின் அம்மாவை இழுத்துத் திட்டினான்.

ஜோசபினும் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் சர்ச்சில் பூசை முடிந்ததும் ஒரு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றாள். தேடுகிற கண் எங்கே போகிறது என்று அவள் யோசிக்கவில்லை. நிமிர்ந்து நடப்பவர்கள், சட்டையை உள்ளே விட்டவர்கள், கையில் குடையோடு பெஞ்சில் நேராக உட்கார்ந்திருப்பவர்கள் என்று அவள் பார்வை தொட்டுத் தொட்டுப் போனது. சுவரோரத்தில் சாக்கை விரித்து முடங்கிக் கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டிப் போனது. வீட்டுக்கு வந்ததும் செல்போனில் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு எங்கெங்கே போனாள் என்று அதனிடம் சொல்வாள். மனம் லேசாகும். அவர் போனதிலிருந்து வீட்டில் மூத்திர நாற்றம் இல்லை என்பதையும், தான் இரண்டு வருடத்துக்குப் பிறகு விடியும்வரை அசையாமல் தூங்குவதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. படத்திடமும் சொல்லவில்லை.

பங்குக் கோவிலின் வாட்ஸ்அப் குழுவில்தான் அந்தச் செய்தி வந்தது. உரிமை கோரப்படாத பிணங்களை அடக்கம் செய்யும் ஒருவர் அனுப்பியது. பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் அடையாளம் தெரியாத ஆண், அழகர்கோவில் பஸ் நிற்கும் இடத்தில் வேன் மோதி இறந்தவர், கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு இருப்பதால் நம் சபையைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்று எழுதி, கீழே முகத்தின் படம். யாரும் அதைத் துடைத்து அழகாக்கியிருக்கவில்லை. இறங்கிக் கிடந்த உதடு, பாதி மூடிய இடது இமை, சடை விழுந்த தாடி.

ஜோசபின் போனை மகனிடம் நீட்டினாள். ஜூடு பார்த்தான்.

“அப்பா இல்லம்மா இது.”

“அப்பாதான்.”

“இல்லம்மா. யாரோ ரோட்டுல கெடந்த ஆளு. அப்பாவுக்கு மூஞ்சி இப்படி ஒடுங்கலாவா இருக்கும்?” அவன் தன் போனில் போஸ்டர் படத்தை எடுத்து இதற்குப் பக்கத்தில் வைத்தான். “ரெண்டையும் பாருங்க. நல்லாப் பாருங்கம்மா. காது, மூக்கு, எதாச்சும் ஒத்துப்போகுதா?”

“அத மூடுடா” என்றாள் ஜோசபின். “ரெண்டு வருசமா இவரு இப்படித்தான் இருந்தாரு. நீ பாக்கவே இல்ல.”

பிணவறை வாசலில் கையெழுத்து வாங்க வந்த போலீஸ்காரர் சின்ன வயசுக்காரர். துணியை விலக்கிக் காட்டிவிட்டு, தன் ஃபைலில் இருந்த போஸ்டரைப் பிரித்து அதையும் பார்த்தார். மறுபடி துணிக்கடியில் இருந்ததைப் பார்த்தார். “யம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் போட்டோவக் குடுத்தா நாங்க எப்படிம்மா கண்டுபுடிப்போம்? இது எங்க ஸ்டேஷன் வாசல்லயும் ஒட்டியிருக்கு. அடிபட்டுக் கெடந்தப்ப நானேதான் இவர ஆம்புலன்ஸ்ல ஏத்திவிட்டேன். அப்பப் பேச்சு இருந்துச்சு அவருக்கு.”

என்ன பேசினார் என்று ஜோசபின் கேட்கவில்லை. ஜூடுவும் கேட்கவில்லை.

பெட்டியை மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். திறந்து வைக்கும் நிலையில் இல்லை. அதனால் மூடிய பெட்டியின் தலைமாட்டில் படத்தை வைத்தார்கள், தெருமுனையில் பிளக்ஸ் கட்டினார்கள். அதே படம்தான். இரவோடு இரவாக வெள்ளைத்துரை அழுதுகொண்டே அடித்துக் கொடுத்திருந்தான். பின்னணியில் வெள்ளை மேகம், ஒளி. வந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்து அழுதார்கள். பழைய மாணவர்கள் வரிசையில் நின்று கும்பிட்டார்கள். “தூங்கி எந்திரிச்சு வந்த மாதிரி இருக்காரு சார்” என்று ஒருவர் சொன்னார். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த ஆன்மேரியின் வருங்கால மாமியார் ஜோசபினின் கையைப் பிடித்துக்கொண்டு, “எவ்வளவு கம்பீரமான மனுசன். பழகக் குடுத்து வைக்கலியே எங்களுக்கு” என்றார். ஜோசபின் தலையாட்டினாள். பெட்டிக்குள் இருந்தவரைப் பற்றி அந்த வீட்டில் அன்று யாரும் பேசவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஜூடுவுக்கு வெள்ளைத்துரையிடமிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வைத்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“என்னடா?” என்று ஜோசபின் கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா. புது அப்டேட் வந்திருக்காம். எல்லாரும் கம்ப்ளெயின்ட் பண்ணாங்கள்ல. அந்தக் கோட்டத் திரும்பக் குடுத்துட்டாய்ங்களாம். எம்புட்டு வேணுமோ அம்புட்டு மட்டும் வெச்சுக்கிரலாமாம்.”

அதற்கு மேல் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஜோசபின் யாரிடமும் சொல்லாமல் மாட்டுத்தாவணிக்குப் போய் அழகர்கோவில் பஸ்ஸில் ஏறினாள். அவர் அங்கே ஏன் போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அங்கே போகும் வழக்கம் இல்லை. கதவு திறந்திருந்த ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறியிருப்பார், கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டிருப்பார்கள். அவர் கடைசியாக இருந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது. வெயில் ஏறியிருந்தது. மலை பச்சையாகக் கிட்டத்தில் தெரிந்தது. மொட்டை போட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சந்தனத் தலைகள் கும்பல் கும்பலாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ் நிற்குமிடத்துக்கு எதிரில் பூட்டிய கடையின் பக்கச் சுவரில் அந்தப் போஸ்டர் இன்னும் இருந்தது. ஓரங்கள் கிழிந்து தொங்கின. அதனடியில் ஒரு பெண் தள்ளுவண்டியில் வெள்ளரிக்காய் கீறி, மிளகாய்ப்பொடி தடவி விற்றுக்கொண்டிருந்தாள். சோணையம்மா, சோணையம்மா என்று பஸ் கண்டக்டர்கள் அவளைக் கூப்பிட்டு வாங்கினார்கள்.

ஜோசபின் ஒரு வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டு, அவள் இழுத்துப்போட்ட பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கூட்டம் குறைந்ததும் செல்போனை எடுத்து அந்தப் பழைய, மங்கலான, சட்னி வழிந்த படத்தைக் காட்டினாள்.

“இவரப் பாத்திருக்கீங்களாம்மா?”

சோணையம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“அட, நம்ம வாத்தியாரு!”

“வாத்தியாருன்னு சொன்னாரா?”

“அவரு எங்க சொல்றாரு? நாங்களா வெச்ச பேரு தாயி. நான் சில்லறைய எண்ணுனா பக்கத்துல நின்டுக்கிட்டு, ‘மறுபடி கூட்டிப் பாரு, அவசரப்படாத’ம்பாரு. சோத்துக்கு வரிசையில நிப்பாரு, சாப்புட்டு வந்து இந்தச் செவத்தடியிலதான் ஒக்காருவாரு. ஒரு வம்பு தும்பு கெடையாது. பாவி மனுசன், கண்ணு முன்னாடி அடிபட்டுப் போயிட்டாரு தாயி.” அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எல்லாம் நான் இழுத்துவிட்ட வெனைதான்.”

ஜோசபின் அவள் முகத்தையே பார்த்தாள்.

“இந்தா இருக்குல்ல போஸ்டரு. இத ஒரு பையன் வந்து ஒட்டிட்டுப் போனான். வாத்தியாரு அப்பச் சாப்புட போயிருந்தாரு. வந்ததும் நாந்தான் காமிச்சேன். ‘பெரியவரே, நீங்கதான் பொழுதன்னைக்கும் இங்கனயே இருக்கீகளே, இந்தாளு தட்டுப்பட்டா எனக்குச் சொல்லுங்க, போன் அடிச்சு விடுவோம்’னேன். கிட்டக்க போயி நின்டு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு தாயி. ‘யாருன்னு தெரியலியே. ஆனா நல்ல மனுசனாத் தெரியுது’ன்னாரு. அன்னைக்குப் புடிச்சவருதான். பஸ்ஸு வந்து நின்டா போதும், ஓடிப்போயி வாசல்ல நின்டுக்கிருவாரு. எறங்குற ஆளுகள எல்லாம் நிறுத்திக் கையக் காமிச்சு, ‘இவரப் பாத்தீங்களா? எங்கயாச்சும் பாத்தீங்களா? இவரு வீட்டுக்காரம்மா தெனம் சாயங்காலம் இவருக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க’ம்பாரு. சாமி கும்புட வந்தவுக நின்டு கேப்பாகளா? தள்ளிவிட்டுட்டுப் போயிருவாக. ‘வாத்தியாரே, ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த வேல’ன்னு நாங்க கேலி பேசுனா அம்புட்டுக் கோவம் வரும். ‘அந்தம்மா பாவம்மா’ம்பாரு.”

போஸ்டரில் ஜூடுவின் எண் மட்டும்தான் இருந்தது. வீட்டுக்காரம்மா என்று அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“ஆடிக் கூட்டம் அன்னைக்கு. வேன் ஒண்ணு நெறைய ஆளுகளோட வந்துச்சு. நிறுத்தாம அப்படியே வளைச்சுத் திருப்புனான். இவரு வேன்ல இருக்கிறவுகளக் கேக்கணும்னு கையக் காமிச்சுக்கிட்டே குறுக்க ஓடுனாரு.” சோணையம்மாள் அதோடு நிறுத்திக்கொண்டாள். வண்டியிலிருந்த வெள்ளரிக்காய்களின் மேல் தண்ணீரைத் தெளித்தாள். “அவருக்குச் சொந்தக்காரவுக யாரும் வந்தாகளா என்னன்னு தெரியல. நீங்க அவருக்கு யாரு தாயி?”

ஜோசபின் வெள்ளரிக்காயை மடியில் வைத்தாள். கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள்.

“இவரோட வீட்டுக்காரம்மா.”

சோணையம்மாள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். நேராக மூடிய வாயும் விரிந்த கண்களுமாக அந்த மனிதர் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது போல முகம் இளகியது. எழுந்து வந்து ஜோசபினின் தோளில் ஈரக் கையை வைத்தாள்.

“ஒங்க வீட்டுக்காரருக்காகத்தான் தாயி அந்த மனுசன் உசுர விட்டாரு. கேள்விப்பட்டு அவரு இருந்த எடத்தப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தீகளாக்கும்? நல்ல மனசு ஒங்களுக்கு.” பிறகு ஆவலோடு குனிந்து கேட்டாள். “ஒங்க வீட்டுக்காரராச்சும் கெடச்சுட்டாரா? வீடு வந்து சேந்துட்டாரா?”

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. புழுதி அடங்குமுன் கூட்டம் இரண்டு வாசலிலும் மொய்த்தது. ஜோசபின் எழுந்தாள். வெள்ளரிக்காய் மடியிலிருந்து உருண்டு விழுந்ததை அவள் பார்க்கவில்லை. “பாத்துப் போங்க தாயி” என்று பின்னால் சத்தம் கேட்டது. அவள் நேராக நடந்து போய் முன்வாசலுக்குப் பக்கத்தில் நின்றாள். இறங்குகிறவர்கள் முழங்கையால் அவளை ஒதுக்கிக்கொண்டு இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஏதோ கேட்பதுபோல அவள் கை தானாக உயர்ந்து, பாதியில், உள்ளங்கை மேலே பார்க்க நின்றது. இடுப்பில் மொட்டைக் குழந்தையோடு படியில் காலை வைத்த ஒரு பெண் நீண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தாள். முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்த கோவில் தோசையை இலையோடு பாதியாகப் பிய்த்து அந்தக் கையில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறி உள்ளே போய்விட்டாள். பஸ் நகர்ந்தது. தோசையில் இன்னும் சூடு இருந்தது. நெய் இலையைத் தாண்டி வழிந்து, அவள் மணிக்கட்டில் இறங்கி, ரவிக்கைக் கையை நோக்கி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.